மேக்பை ஓடை வாய்க்கால் ஆன விதம்

எங்கள் கவுண்டியில் (மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஓடுகிற தண்ணீர் ஓடையா வாய்க்காலா என்று தீர்ப்புச் சொல்வதற்கென்றே ஐந்து பேர் கொண்ட ஒரு வாரியம் இருக்கிறது. நீரோட்ட இயல்பு நிர்ணய வாரியம் என்று பெயர். தண்ணீருக்கே தெரியாத சங்கதியை நாம் கண்டுபிடித்துச் சொல்கிறோம் என்கிற பெருமிதம் ஐந்து முகங்களிலும் எப்போதும் வழியும். நான் அதன் குறிப்பெழுத்தர். லவோன் ஸ்ட்ராக்கா என்கிற என் பெயர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கிறது. பதினோரு வருடமாக அவர்கள் பேசுவதை எழுதி வருகிறேன். பேசாததையும், பேசியதாக எழுதிக்கொள் என்றால், எழுதி வருகிறேன்.

ஓடைக்கும் வாய்க்காலுக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மொன்டானா மாநிலத்தில் அது தலைபோகிற வித்தியாசம். ஓடை யாருடைய நிலத்துக்கு நடுவே ஓடினாலும் சரி, பாலத்தடியில் இறங்கித் தண்ணீரிலேயே நடந்து போய் மீன் பிடிக்க எவருக்கும் உரிமை உண்டு. கரை பண்ணைக்காரனுக்கு, தண்ணீர் ஊருக்கு. வாய்க்கால் மனிதன் வெட்டியது. அதில் கால் வைத்தால் அத்துமீறல். ஆகவே மலையடிவாரப் பண்ணையை விற்க நினைப்பவனுக்குத் தன் நிலத்தில் ஓடை இருப்பது பெரிய சங்கடம். வாங்க வருகிற பணக்காரன் தன் ட்ரவுட் மீனை இன்னொருவன் பிடிப்பதைப் பார்க்கச் சகிக்க மாட்டான்.

ராய்ஸ் பெட்டிட்டுக்கு அந்தச் சங்கடம் ஆறு மைல் நீளத்துக்கு இருந்தது. அவன் பண்ணைக்குள் நுழைந்து வளைந்து வெளியேறும் மேக்பை ஓடை அவ்வளவு நீளம். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், குளிர் தாங்க முடியாமல், பண்ணையை விற்றுவிட்டு அரிசோனா வெயிலுக்குப் போகத் தீர்மானித்திருந்தான். அதைத் தப்பு சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் ஜனவரியைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பண்ணையை ஒட்டிய சாலைக்கு இந்தப் பக்கம், காய்ந்த மேட்டு நிலத்தில், ஹால்வர் ரஸ்டாட் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின் பெஞ்சு. அவன் நிலத்தில் ஒரு சொட்டு ஓடையும் கிடையாது. ஏழு வயதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மேக்பை ஓடைப் பாலத்தடியில் இறங்கி, ராய்ஸோடு சேர்ந்து, நீரோட்டத்துக்கு எதிராக நடந்து போய் மீன் பிடித்தவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், சனிக்கிழமை ஒழியவில்லை என்பான். பாலத்துக்குக் கீழே ஓடை நேராக டவுன் நீர்த்தேக்கத்துக்குள் போய்விடுகிறது. அங்கே வேலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஹால்வருக்கு இந்த உலகத்தில் மீன் பிடிக்க இருந்த ஒரே இடம் அந்தப் பாலத்துக்கு மேலே உள்ள தண்ணீர்தான்.

பண்ணையை விற்றுத்தர ஒரு தரகர் வந்தார். ப்ரெஸ்டன் வேல். மாட்டுக்காரன் தொப்பி, மாட்டுக்காரன் பூட்ஸ், ஆனால் மாட்டைக் கண்டால் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிற மனிதர். அவர் அச்சடித்த விளம்பரம் ஊர் முழுக்கச் சுற்றியது. "விற்பனைக்கு: பனிமலை மடியில் ஒரு பரம்பரைப் பண்ணை. மனிதக் கை படாத, ஆதிகாலம் தொட்டுப் பாய்ந்துவரும் ஆறு மைல் ட்ரவுட் ஓடை, முழுக்க முழுக்க உங்களுக்கே. வராந்தாவில் உட்கார்ந்தபடியே எல்க் மான் வேட்டை. அக்கம்பக்கத்தார் தொல்லை அறவே இல்லை. விலை: கேட்பவர்களுக்கு மட்டும் சொல்லப்படும்."

ஹால்வர் அதை முடிவெட்டும் கடையில் படித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டான். "ஏன் லவோன், அக்கம்பக்கத்துல நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

அதே வாரம் அதே தரகர் எங்கள் வாரியத்துக்கு ஒரு மனு கொடுத்தார். "மேற்படி நீர்ப்போக்கு முழுவதும் மனிதக் கையால் வெட்டப்பட்ட வாய்க்கால் என்று அறிவிக்க வேண்டுகிறோம்." இணைப்பாக, பண்ணையின் சிறப்பு தெரியட்டும் என்று, மனிதக் கை படாத ஓடை பற்றிய விளம்பரத்தையும் வைத்திருந்தார். இரண்டையும் ஒரே கிளிப்பில் மாட்டி ஒரே கோப்பில் போட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மனு கொடுத்த அன்று ராய்ஸும் கோர்ட்டுக் கட்டடத்துக்கு வந்திருந்தான். நோட்டரி முத்திரையும் என்னிடம்தான் இருக்கிறது. ஏதோ காகிதங்களுக்கு முத்திரை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினான். வண்டிக்கு உரிமம் புதுப்பிக்க வந்த ஹால்வர் வாசலில் நின்றான். என் ஜன்னலுக்கு நேர் கீழே ராய்ஸின் பிக்கப் வண்டி. இருவரும் அதன் இரண்டு பக்கத்திலும் முழங்கை ஊன்றிக்கொண்டு பேசினார்கள்.

"உங்க தாத்தா அந்த வளைவுல மண்ணு வெட்டினாருல்ல? அதை மட்டும் வந்து சொல்லுடா. வேற ஒண்ணும் வேணாம்" என்றான் ராய்ஸ்.

"சொன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. சும்மா பேப்பர்ல ஒரு பேரு மாறும். வாங்குறவன்கிட்ட நான் பேசிட்டேன். நீயும் நானும் சாகுற வரைக்கும் மீன் பிடிக்கலாம்."

"அதை எழுதி..." என்று ஹால்வர் ஆரம்பித்தான். அப்புறம் அவனே வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டான். எங்கள் பக்கத்தில் கை கொடுத்தவனிடம் காகிதம் கேட்பது அவன் அம்மாவைப் பழிப்பதற்குச் சமம். மாடு, குதிரை, நிலம், எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினால் முடிந்தது. ராய்ஸ் கையை நீட்டினான். ஹால்வர் கையுறையைக் கழற்றிவிட்டுக் குலுக்கினான்.

விசாரணை செப்டம்பர் இரண்டாம் செவ்வாய். எங்கள் வாரியம் தீயணைப்பு நிலையத்தில் கூடும். தீயணைப்பு வண்டியை வெளியே மழையில் நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போடுவார்கள். கூட்டம் நடக்கும்போது எங்கேயாவது தீப்பிடித்தால் முதலில் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. எல்லோரும் எழுந்து நெஞ்சில் கை வைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொல்வோம். பிறகு பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பும் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டிச் சுருளும். இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும். எங்கள் ஊரில் பிரிவினை அந்த விஷயத்தில் மட்டும் கிடையாது. பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். அதை அளக்கக் கோழி வடிவத்தில் ஒரு சமையலறைக் கடிகாரம். நேரம் முடிந்ததும் கொக்கரிக்கும்.

தலைவர் மெர்ல் டாக்கட், ஊர் ஹார்டுவேர் கடைக்காரர். மரச் சுத்தியலைக் கையில் எடுத்ததும் அவருக்குச் சொந்த ஊரே மறந்துவிடும்.

"சாட்சி தன் பெயரைச் சொல்லட்டும்."

"மெர்ல், நேத்துதானே உன் கடையில ஆணி வாங்கினேன்?" என்றான் ஹால்வர்.

"பெயரைச் சொல்லட்டும்."

சொன்னான். வலது கையைத் தூக்கிச் சத்தியமும் செய்தான்.

"உங்கள் குடும்பத்தார் மேற்படி நீர்ப்போக்கை வெட்டியது உண்டா?"

"எங்க தாத்தா வெட்டினாரு. பாலத்துக்கு மேல, அந்த வளைவுல. தண்ணி பாலத்தை அரிக்குதுன்னு கவுண்டிக்காரங்க கேட்டுக்கிட்டாங்க. ரெண்டு குதிரை பூட்டி, இரும்புச் சட்டியில மண்ணை வாரி, நேரா விட்டாரு. நாப்பது அடி. எங்க வீட்டு பைபிள் பின்பக்கத்துல எழுதியே வச்சிருக்காரு."

"மீதி ஆறு மைலை யார் வெட்டினார்கள்?"

ஹால்வர் சிரித்தான். "அதை ஆண்டவன்தான் வெட்டினான், மெர்ல்."

மெர்ல் என் பக்கம் திரும்பினார். "மீதிப் பகுதியை வேறொரு ஒப்பந்தக்காரர் வெட்டினார் என்று பதிவு செய்யுங்கள்."

நான் பதிவு செய்தேன். உறுப்பினரான ஒரு அம்மாள், காது கொஞ்சம் மந்தம், மனசு நல்ல மனசு, கையை உயர்த்தினார். "வாய்க்கால்னா ட்ரவுட் எப்படிங்க வந்துச்சு?"

தரகர் வேல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "அம்மா, அந்த மீன்கள் எங்கள் விருந்தாளிகள். நிலச் சொந்தக்காரரின் அனுமதியோடு தங்கியிருக்கின்றன. எல்க் மான்களும் அப்படித்தான். அவற்றுக்கு அக்டோபர் கடைசி வரை இங்கே எந்தத் தொல்லையும் கிடையாது."

"அக்டோபர் கடைசியில என்ன?"

"வேட்டைக் காலம் ஆரம்பிக்கும் அம்மா."

அம்மாள் தலையாட்டிவிட்டு ரொட்டிச் சுருளை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நேரடி ஆய்வு. ஐந்து பேரும் மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையும் அதற்கு மேலே டையும் அணிந்து ஓடையோரம் வரிசையாக நடந்தார்கள். ஹால்வரைச் சாட்சி என்று அழைத்து வந்திருந்தார்கள். நான் தகரப் பலகையில் காகிதம் வைத்துப் பின்னால் போனேன். ஒரு மைல் ஏறியதும் பீவர் என்கிற நீரெலிக் குடும்பம் ஒன்று கட்டிய அணை. நல்ல உறுதியான அணை, கழிகளை மேல்கீழாகச் செருகி மண் பூசியது.

மெர்ல் அதைத் தட்டிப் பார்த்தார். "இங்கே கட்டுமானப் பணி நடந்திருக்கிறது."

"பீவர் கட்டினது மெர்ல்" என்றான் ஹால்வர்.

"உரிமம் வாங்கியிருந்ததா?"

"யாரு, பீவரா?"

"உரிமம் இல்லாத கட்டுமானமும் கட்டுமானமே என்று எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதினேன். இன்னும் மேலே, மலைப்பாறை இடுக்கிலிருந்து ஊற்று பொங்கி வரும் இடத்தில், துருப்பிடித்த ஓர் இரும்பு மதகு நின்றது. போன மாதம் நான் அந்தப் பக்கம் காட்டுப்பழம் பறிக்கப் போயிருந்தேன். அப்போது அது அங்கே இல்லை. மதகைச் சுற்றி மண் ஈரம் கூடக் காயவில்லை. தரகர் குரலைத் தாழ்த்தி, கோயிலில் பேசுகிற மாதிரி, "நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றார்.

ஐந்து பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஹால்வர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். "மெர்ல், இது உன் கடைக்குப் பின்னாடி மூணு வருஷமா கெடந்ததுல்ல? இந்தா, உன் கடைச் சீட்டு இன்னும் தொங்குது பாரு."

மெர்ல் சீட்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். "சாட்சி இப்போது பேசக்கூடாது. கோழி கொக்கரித்துவிட்டது."

கோழிக் கடிகாரத்தை யாரும் மலைக்கு எடுத்து வரவில்லை. அதையும் எழுதவில்லை.

மதகு இருந்தால் அதற்குப் பின்னால் நீர்த்தேக்கம் ஒன்று இருக்க வேண்டும். அங்கே இருந்தது மலை. வருடம் பூராவும் வெள்ளையாக, யார் பேச்சையும் கேட்காமல், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மலை. வாரியம் கால் மணி நேரம் கலந்தாலோசித்து, அதை 'உயர்நிலைப் பனிச் சேமிப்பு வசதி' என்று ஒருமனதாக வகைப்படுத்தியது. யார் பராமரிப்பில் இருக்கிறது என்கிற பத்தியைக் காலியாக விடச் சொன்னார்கள்.

ராய்ஸ் அன்று முழுக்க யார் கண்ணையும் பார்க்காமல் நடந்தான். இறங்கும்போது ஹால்வர் அவன் பக்கத்தில் போனான். "டேய், இவங்க என்னென்னமோ எழுதுறாங்களே?"

"சும்மா பேப்பர்ல தான்டா" என்று ராய்ஸ் அவன் முதுகில் தட்டினான். ஹால்வர் முகம் தெளிந்துவிட்டது.

அக்டோபர் கூட்டத்தில் தீர்ப்பு. ஐந்துக்குச் சுழியம். மெர்ல் எழுந்து நின்று பேசினார்: "இந்த வாரியம் இயற்கைக்கு விரோதி என்று சிலர் சொல்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது. இயற்கை உரிய ஆவணங்களோடு, உரிய தேதிக்குள், எங்கள் முன் ஆஜரானால் நாங்கள் மரியாதையோடு கேட்போம். மேக்பை ஓடையின் சார்பில் இன்று யாரும் ஆஜராகவில்லை. ஆகவே அது வாய்க்கால்." எல்லோரும் கை தட்டினார்கள். ஹால்வரும் தட்டினான், ராய்ஸுக்கு நல்லது நடந்தது என்று.

கிறிஸ்துமஸுக்குள் பண்ணை கைமாறியது. வாங்கியவர் கணினித் தொழிலில் சம்பாதித்தவர். பெயரைச் சொல்லாமல் தன் நிறுவனத்தின் பெயரில் வாங்கினார். ராய்ஸ் அரிசோனாவுக்குப் போனான். போகும்போது ஹால்வர் வீட்டில் நிறுத்திக் காப்பி குடித்துவிட்டுப் போனான்.

மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை மீன்பிடி காலம் ஆரம்பம். ஹால்வர் வழக்கம்போலப் பாலத்தடியில் இறங்கித் தூண்டிலை வீசினான். இரண்டாவது வீச்சில் கவுண்டிப் போலீஸான துணை ஷெரிஃப் பாலத்து மேலே வந்து நின்றான். நாங்கள் எல்லோரும் தூக்கி வளர்த்த பையன் அவன்.

"ஹால்வர் மாமா, மேல வாங்க. அத்துமீறல்னு புகார் வந்திருக்கு."

"யாருடா அத்துமீறினது?"

"நீங்கதான். இது வாய்க்காலு."

"ராய்ஸ் கை குடுத்திருக்கான்டா. நான் சாகுற வரைக்கும் பிடிக்கலாம்னு."

"பேப்பர் இருக்கா மாமா?"

ஹால்வர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தான் என்று அந்தப் பையன் பிறகு என்னிடம் சொன்னான். அத்துமீறல் சீட்டில் ஆதாரம் என்கிற இடத்தில் ஹால்வரின் சாட்சியமே நான் எழுதிய வார்த்தைகளில் ஒட்டப்பட்டிருந்தது. அன்று சாயங்காலம் அவன் அரிசோனாவுக்குப் போன் செய்தான். வக்கீலைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்றான் ராய்ஸ். கூப்பிடவில்லை. ஹால்வர் நான்கு சனிக்கிழமை போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ஜூனில் உயர்நிலைப் பனிச் சேமிப்பு வசதி, வாரியத்தின் உத்தரவு எதுவும் இல்லாமலே, உருக ஆரம்பித்தது. மேக்பை பொங்கியது. புதுச் சொந்தக்காரர் தண்ணீர் விளிம்பு வரை நீட்டிக் கட்டியிருந்த வராந்தாவை, எல்க் மானை உட்கார்ந்தபடியே சுடும் அந்த வராந்தாவை, நாற்காலி மேஜையோடு பாலம் வரைக்கும் கொண்டுவந்து விட்டது. ஓடையாக இருந்திருந்தால் அது இயற்கைச் சீற்றம், யாரும் பொறுப்பில்லை. வாய்க்காலுக்கு வெட்டியவன் பொறுப்பு. தூர் வாரிப் பராமரிக்க வேண்டியதும் அவன் பரம்பரைதான் என்று எங்கள் விதிப்புத்தகம் சொல்கிறது.

ஒப்பந்தக்காரர்கள் இருவர் என்று பதிவில் இருப்பதால் இருவருக்கும் நோட்டீஸ் அனுப்பச் சொன்னார் மெர்ல். வேறொரு ஒப்பந்தக்காரரின் முகவரி என்ன என்று கேட்டேன். கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பு என்றார். லூத்தரன் தேவாலயத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். போதகர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். உறையின் மேல், "பெறுநர் எங்கும் இருக்கிறார், கையெழுத்துத்தான் கிடைக்காது" என்று எழுதியிருந்தார். முகவரி கிடைக்காத ஒப்பந்தக்காரரின் பங்கும் முகவரி கிடைத்தவரையே சேரும் என்று வாரியம் முடிவு செய்தது. ஆறு மைல் வாய்க்காலையும் ஹால்வர் தூர் வார வேண்டும். அதில் கால் வைத்தால் அவனைக் கைது செய்ய வேண்டும். இரண்டு உத்தரவையும் ஒரே நாளில் தட்டச்சு செய்தேன்.

ஹால்வர் நோட்டீஸை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். கோபம் இல்லை. குழப்பம்தான்.

"லவோன், நான் நாப்பது அடின்னுதானே சொன்னேன்? ஆறு மைலையும் எங்க தாத்தா தலையில யாரு கட்டினது?"

கோப்பை எடுத்தேன். அதில் ராய்ஸின் உறுதிமொழிப் பத்திரம் இருந்தது. மேற்படி வாய்க்காலை வெட்டியவர்கள் ரஸ்டாட் குடும்பத்தார், பராமரிப்பும் சேதமும் அவர்களைச் சேரும், விற்பவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. கீழே ராய்ஸின் கையெழுத்து. அதற்கும் கீழே என் முத்திரை.

ஹால்வர் மெதுவாகப் படித்தான். தேதியில் விரலை வைத்தான். "இது நான் வண்டி உரிமம் வாங்க வந்த அன்னிக்கு."

"ஆமா."

"கை குடுத்தானே, அன்னிக்கா?"

"அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி."

நான் மறைக்க விரும்பவில்லை. அடுத்த காகிதத்தையும் காட்டினேன். கிரயப் பத்திரத்தில் ஒரு வரி. விற்பவர் தன் ஆயுள் முழுதும் மேற்படி நீரில் மீன் பிடிக்கும் உரிமையைத் தனக்கென வைத்துக்கொள்கிறார்.

ஹால்வர் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. "பாத்தியா, எழுதியிருக்கான். 'தனக்கு'ன்னா என்னையும் சேத்துத்தானே?"

"இல்ல ஹால்வர். அவனுக்கு மட்டும்."

"முத்திரை குத்தும்போது நீ படிச்சியா?"

நோட்டரி என்பவள் ஆளின் முகத்தைச் சரிபார்க்க வேண்டும், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று படிக்க வேண்டியதில்லை. அந்த விதியைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். "படிச்சேன்" என்றேன். பிறகு ஜன்னல் வழியாக அவர்கள் கை குலுக்குவதையும் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். வேலை போய்விடும் என்று பயம். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வூதியம். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஹால்வர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினான். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஜூலைக் கூட்டத்தில் அவனுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். தரகர் வேல் முன்கூட்டியே அவனைத் தனியாக அழைத்து ஒரு வழி சொல்லியிருந்தார். தாத்தா வெட்டியதாகச் சொன்னது ஞாபகப் பிசகு என்று கையெழுத்துப் போட்டால் பொறுப்பு நீங்கிவிடும். வாய்க்கால் வாய்க்காலாகவே இருக்கும், மேல்முறையீட்டுக் கெடு முடிந்துவிட்டது.

ஹால்வர் எழுந்தான். "எங்க தாத்தா நாப்பது அடி வெட்டினாரு. பைபிள்ல எழுதியிருக்கு, பொய்னு சொல்ல மாட்டேன். அந்த நாப்பது அடியை நான் தூர் வாரித் தரேன். மிச்சத்துக்கு அந்த இன்னொரு காண்ட்ராக்டரைக் கூப்பிடுங்க. அவரு எப்படியும் ஒருநாள் வருவாரு."

அவன் உட்கார்ந்த பிறகும் கோழிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. காது மந்தமான அம்மாள் மட்டும் "ஆமென்" என்றார். மெர்ல் பெருந்தன்மையோடு சம்மதித்தார். வருடத்தில் ஒரே ஒரு நாள், செப்டம்பரில், பகல் பத்து மணி முதல் நாலு மணி வரை, ஹால்வர் ரஸ்டாட் நாற்பது அடிக்குள் இறங்கலாம். மண்வெட்டி அனுமதி. தூண்டில், நரம்பு, வலை, கொக்கி எதுவும் கூடாது. தலைவரும் குறிப்பெழுத்தரும் உடனிருக்க வேண்டும்.

போன செப்டம்பரில் அந்த நாள் வந்தது. துணை ஷெரிஃப் பையன் நாடாவைப் பிடிக்க, நான் நாற்பது அடி அளந்து இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கொடி நட்டேன். மெர்ல் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். ஹால்வர் பழைய ரப்பர் கால்சட்டையோடு இறங்கி, மண்ணை வாரத் தொடங்கினான். அடிமண் கலங்கியதும் அதிலிருந்த புழு பூச்சியெல்லாம் நீரோட்டத்தில் கிளம்பின. கொஞ்ச நேரத்தில் ட்ரவுட்கள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு ஏழெட்டு, அவன் பூட்ஸை ஒட்டி வரிசையாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. அவன் காலை நகர்த்தினால் அவையும் நகர்ந்தன. கையை விட்டால் பிடித்துவிடலாம். அவன் மண்வெட்டியை மட்டும் பிடித்திருந்தான்.

மூன்று மணிவாக்கில் பாலத்தின் மேல் ஒரு வண்டி நின்றது. ராய்ஸ். மீன் பிடிக்கப் புதுச் சொந்தக்காரரின் விருந்தாளியாக வந்திருந்தான். வெயிலில் நன்றாகக் கறுத்து, முழங்காலுக்குப் புதுச் சில்லுகள் வைத்து, கையில் மீன் தூண்டிலோடு இறங்கினான். ஹால்வரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு பழைய குரலை வரவழைத்துக்கொண்டு கைப்பிடியில் சாய்ந்தான்.

"டேய் ஹால்வர்! எப்படிடா இருக்க? இன்னிக்கு மீனெல்லாம் எப்படி?"

ஹால்வர் நிமிரவில்லை. காலடியில் ட்ரவுட்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒரு வெட்டு மண்ணை வாரிக் கரையில் போட்டுவிட்டுச் சொன்னான்:

"இது வாய்க்காலுடா ராய்ஸ். வாய்க்கால்ல ஏதுடா மீன்?"

ராய்ஸ் தூண்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். மெர்ல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "சாட்சி மறுபடியும் உறுதி செய்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள்."

அப்போதுதான் ஹால்வர் தலையைத் தூக்கினான். ராய்ஸைப் பார்க்கவில்லை, மெர்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

எழுதிக்கொண்டேன்.